கைக்கு அடங்கும் பிஸ்டல்: நடுத்தர விலையில் தரம் பார்ப்பது எப்படி?

கோவையின் கணபதியிலோ பீளமேட்டிலோ லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் பழைய பம்பு ஒன்றைக் கொடுத்து விலை கேட்டால், அவர் அதன் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றி, பேரிங்கின் ஓசையைக் கேட்டு, பிறகுதான் வாய் திறப்பார். அதே மனிதர் கையில் உரிமத்துடன் துப்பாக்கிக் கடைக்குள் நுழையும்போது மட்டும், ஏனோ, அந்தக் கண்ணை வாசலிலேயே விட்டுவிட்டு, பளபளப்பையும் பெயரையும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். பிஸ்டலும் ஓர் இயந்திரமே; அதில் எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது, எது முதலில் தேயும் என்று தெரிந்துகொண்டால், நடுத்தர விலையில் தரமான ஒன்றைத் தெரிந்தெடுக்க நம் ஊர்க்காரர்களுக்கு வேறு யாருடைய துணையும் பெரிதாகத் தேவைப்படாது.

முதலில் 'அரைத் தானியங்கி' என்ற சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரே ஒரு தோட்டாதான் வெளியேறும். ஆனால் அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைத் துப்பாக்கி தானே செய்துகொள்ளும். பாதி வேலை நம்முடையது, பாதி வேலை அதனுடையது என்பதால்தான் அந்த 'அரை'. ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனி அறை கொண்ட உருளை ஒன்று சுழல்கிறது. பிஸ்டலிலோ அறை ஒன்றுதான், தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும்.

விசை விடுபட்டதும் ஊசி தோட்டாவின் பின்புறத்தைத் தட்டுகிறது. மருந்து எரிந்து உண்டாகும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது. அதே நேரத்தில் தோட்டாவின் வெற்றுக் கூட்டையும், அதைத் தாங்கி நிற்கும் ஸ்லைடு என்ற மேல்பாகத்தையும் பின்னே தள்ளுகிறது. பின்னே போகும் ஸ்லைடில் உள்ள சிறு கொக்கி வெற்றுக் கூட்டை அறையிலிருந்து இழுத்து வர, அது உள்ளே ஒரு முனையில் மோதி வெளியே தெறிக்கிறது. போகிற போக்கில் ஸ்லைடு, ஊசியை அடிக்கும் சுத்தியலையும் மடக்கி வைத்துவிடுகிறது. பிறகு சுருள்வில் ஸ்லைடை முன்னே தள்ள, அது மேகசினின் மேலே இருக்கும் தோட்டாவை உரசி எடுத்து அறைக்குள் நுழைக்கிறது. இவ்வளவும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

நம் நாட்டில் தனிநபர் வாங்கக்கூடிய பிஸ்டல்கள் பெரும்பாலும் .32 அளவைச் (அங்குலத்தில் குழலின் உட்குறுக்களவு) சேர்ந்தவை. இந்தத் தோட்டாவை அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வடிவமைக்க, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை 1899-இல் வெளியிட்டது. அதன் குண்டு ஏறத்தாழ 4.6 கிராம், வேகம் நொடிக்கு 275 மீட்டர் அளவில் இருக்கும். இந்த மிதமான அழுத்தத்தைத் தாங்கக் குழலையும் ஸ்லைடையும் பூட்டி வைக்கும் சிக்கலான அமைப்பு தேவையில்லை. ஸ்லைடின் எடையும் சுருள்வில்லின் இறுக்கமுமே போதும். ஸ்லைடு 230 கிராம் என்று வைத்துக்கொண்டால், அது குண்டைப் போல் 50 மடங்கு கனம்; ஆகவே ஏறத்தாழ 50 மடங்கு மெதுவாகவே பின்னே நகரும். கூடு அறையை விட்டு வெளிவருவதற்குள் குண்டு குழலைக் கடந்து போயிருக்கும். பாகங்கள் குறைவாகவும் குழல் அசையாமலும் இருப்பதால், இந்த அமைப்பை மிதமான செலவிலேயே நன்றாகச் செய்யமுடியும் என்பது வாங்குபவருக்கு நல்ல செய்தி. ஆனால் அதே காரணத்தால் சுருள்வில் சற்று முரடாகவே இருக்கும். ஸ்லைடை இழுக்கக் கைவலு வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்கள் இதைக் கடையிலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது.

நம்முடைய தெரிவை விலைக்கு முன்பே சட்டம் சுருக்கிவிடுகிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் 9 மி.மீ., .38 போன்றவற்றைத் தடைசெய்யப்பட்ட அளவுகளாக வைத்திருக்கின்றன; திரைப்படத்தில் பார்த்து மனத்தில் பதிந்த பிஸ்டல்களில் பெரும்பாலானவை இத்துடன் கழிந்துவிடும். சாதாரண உரிமதாரர் வெளிநாட்டிலிருந்து புதிதாக இறக்குமதி செய்யவும் வழியில்லை. அந்தச் சலுகை தேர்ச்சிபெற்ற போட்டி வீரர்களுக்கு மட்டுமே உண்டு. எனவே எஞ்சுபவை மூன்று வகை: அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் .32 பிஸ்டல்கள், அண்மைக் காலத்தில் உரிமம் பெற்ற இந்தியத் தனியார் ஆலைகளின் தயாரிப்புகள், இறக்குமதி நின்றுபோவதற்கு முன்பே வந்து கைமாறிக்கொண்டிருக்கும் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள். அரசுத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. நமக்கு அருகிலுள்ள திருச்சித் தொழிற்சாலை, அவற்றில் ஒன்றான அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யுப்மென்ட் இந்தியா என்ற நிறுவனத்தின்கீழ் வருகிறது.

உரிமத்துக்கு மாவட்ட ஆட்சியரிடமும், கோவை, திருப்பூர், சேலம் மாநகர எல்லைகளுக்குள் காவல் ஆணையரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் கேட்கப்படும். 2019-இல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் இரண்டே. உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். இரண்டுதான் என்றாகிவிட்டபோது, அவற்றில் ஒன்றை ஆராயாமல் வாங்கி வீணாக்குவதற்கு இடமே இல்லை.

புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். '.32' என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே தோட்டா அல்ல. இந்திய .32 ரிவால்வருக்குரிய தோட்டாவின் கூடு 23 மி.மீ. நீளம், பிஸ்டலுக்குரியது 17 மி.மீ. தான். இரண்டின் குண்டுகளும் ஏறத்தாழ ஒரே பருமனாக இருந்தாலும் ஒன்றை மற்றொன்றில் போடவே கூடாது. தோட்டா வாங்கும்போது பெட்டியின் மேல் இருப்பதை முழுவதுமாகப் படிக்க வேண்டும், '.32 கொடுங்கள்' என்று மட்டும் சொல்வது, துணிக்கடையில் 'சட்டை கொடுங்கள்' என்று சொல்லிவிட்டு நிற்பதற்குச் சமம்.

இனிக் கடைக்குள் போவோம். மேசைமேல் வைக்கப்பட்ட பிஸ்டல் வெற்றுத் துப்பாக்கி என்று கடைக்காரர் சொன்னாலும், எடுத்தவுடன் நாமே பார்க்க வேண்டும். குழலை ஆளில்லாத திசையில் வைத்துக்கொண்டு, விரலை விசையின் வெளியே நீட்டி வைத்து, முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். அதன் பிறகே ஸ்லைடை இழுத்து அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால், அறையில் இருந்த தோட்டா வெளியே விழுந்தாலும் அடுத்தது உடனே உள்ளே ஏறிவிடும், பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு 'காலி' என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

கைக்குப் பொருந்துகிறதா என்பதே முதல் தேர்வு. கைப்பிடியை இறுகப் பற்றிக் கையை நீட்டும்போது, குழலும் முழங்கையிலிருந்து வரும் எலும்பும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். ஆட்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னால் இருக்கும் சதைப்பகுதி விசையின்மேல் இயல்பாகப் படிய வேண்டும். விரல் எட்டவில்லை என்று பிடியைத் திருப்பினால், சுடும்போது அதிர்ச்சி கட்டைவிரல் மூட்டைத் தாக்கும், குறியும் ஒரு பக்கமாகச் சாயும். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைச் சுவரை நோக்கி உயர்த்திப் பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முன் குறிமுள்ளும் பின் வெட்டும் ஏறத்தாழ நேராக நின்றால் அந்தக் கைப்பிடி உங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாக அமைந்தது என்பதற்காக வாங்குவது, அவருடைய செருப்பை வாங்குவதைப் போன்றது.

அடுத்தது விசை. நான் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக நேரம் செலவிடுவேன். நல்ல விசையில் முதலில் சிறிது தளர்வு இருக்கும். பிறகு சுவரில் முட்டியது போல ஓர் இடத்தில் நிற்கும். அங்கிருந்து அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், கண்ணாடிக் குச்சி முறிவது போலச் சட்டென்று விடுபடும். மணலில் இழுப்பது போல நறநறவென்று நகர்ந்தால் உள்ளே உரசும் முகங்கள் சரியாகச் சாணை பிடிக்கப்படவில்லை என்று பொருள். இதைச் சோதிக்கக் கடைக்காரரின் அனுமதியுடன் வெற்றாகச் சுத்தியலை விடலாம், ஆனால் .22 துப்பாக்கியில் மட்டும் கூடாது. அதன் தோட்டாவுக்கு மருந்து விளிம்பில் இருப்பதால் ஊசியும் விளிம்பைத்தான் தட்டும். தோட்டா இல்லாவிட்டால் அறையின் ஓரத்திலேயே மோதி அதை நெளித்துவிடும்.

விசையின் எடையை அளக்கச் சிறப்புக் கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காலியென்று இருமுறை பார்த்த பிஸ்டலைச் சுத்தியல் மடக்கிய நிலையில் குழல் மேல்நோக்கி நிற்கும்படி பிடித்து, விசையில் நூல் கட்டி, அதில் மளிகைக் கடை எடைக்கல்லைத் தொங்கவிட்டு மெல்ல உயர்த்தினால் போதும். போட்டிகளிலும் நடுவர்கள் ஏறத்தாழ இப்படித்தான் சோதிக்கிறார்கள்; 25 மீட்டர் .22 பிஸ்டலுக்கு விசை எடை 1000 கிராமுக்குக் குறையக்கூடாது, 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலுக்கு 500 கிராமுக்குக் குறையக்கூடாது என்பது விதி. தற்காப்புக்காக வைத்துக்கொள்ளும் துப்பாக்கியில் 2 கிலோ கல்லைத் தாங்கிவிட்டு 2.5 கிலோவுக்கு விடுபட்டால் எனக்கு முழு நிறைவு. பழைய துப்பாக்கி ஒன்று ஒரு கிலோவுக்கே விடுபட்டால், 'அருமையான விசை' என்று மகிழாமல், யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். சுத்தியல் வெளியே தெரியும் வகையானால், அதை மடக்கி வைத்து, விசையைத் தொடாமல், கட்டைவிரலால் பின்னாலிருந்து அழுத்திப் பாருங்கள். அது விழுந்தால் அந்தத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். நம் ஊரில் எதையும் செய்துகொடுக்கப் பட்டறை உண்டு என்பது பெருமைதான். ஆனால் உரிமமில்லாத ஒருவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது சட்டப்படியே குற்றம், நூற்றில் ஒரு பங்கு மி.மீ. தேய்த்தாலும் இந்த முகங்கள் கெட்டுவிடும் என்பது வேறு.

மேகசினை யாரும் மதிப்பதில்லை. பிஸ்டல் சிக்கிக்கொள்ளும்போது முதலில் குற்றம் சாட்ட வேண்டியது அதைத்தான். மெல்லிய தகட்டை மடித்துச் செய்த பெட்டி அது. மேலே இரு பக்கமும் உள்நோக்கி வளைந்திருக்கும் உதடுகள்தான் தோட்டா எந்தக் கோணத்தில் எழும்பும் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒருமுறை சிமெண்டுத் தரையில் விழுந்து ஓர் உதடு லேசாக நெளிந்தாலும் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டோ குனிந்துகொண்டோ வரும். .32 தோட்டாவுக்கு இன்னொரு பழைய நோயும் உண்டு. அதன் அடிவிளிம்பு கூட்டைவிடச் சற்றே புடைத்திருக்கும். மேகசினில் மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால், இரண்டும் கொக்கி போட்டாற்போல் நின்றுவிடும், ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் மேலே உள்ளது முன்னே நகராது. ஒவ்வொரு தோட்டாவை ஏற்றும்போதும் அதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும். வாங்கும்போதே இரண்டு மேகசின் கேட்டு வாங்குங்கள். தனியாகப் பிறகு கிடைக்குமா என்று கடைக்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள். கிடைக்காது என்றால், எவ்வளவு நல்ல பிஸ்டலாக இருந்தாலும் அதன் விலையை நான் மனத்துக்குள் பாதியாகக் குறைத்துவிடுவேன்.

பட்டறைக் கண்ணுக்கு வேலை இருப்பது இதற்குப் பிறகுதான். ஸ்லைடின் வெளிப்புறத்தில் தெரியும் கருவித் தடங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கிகளின் வெளித்தோற்றம் முரடாக இருப்பதாகக் குறைசொல்பவர்கள், சுடும்போது உழைக்காத இடத்தைப் பார்த்தே பேசுகிறார்கள். ஸ்லைடைப் பின்னே நிறுத்தி, மேகசினிலிருந்து அறைக்குத் தோட்டா ஏறும் சரிவைப் பாருங்கள். அந்தச் சரிவு வழவழப்பாக இருக்க வேண்டும். குறுக்கே கோடுகள் ஓடினால் தோட்டாவின் மூக்கு அங்கே இடறும். அறைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் குழலின் வாய்வழியே நோக்கினால், உள்ளே சுருண்டு ஓடும் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். கரும்புள்ளிகள் துருவின் தடங்கள். ஓரிடத்தில் மோதிரம் போலக் கருநிழல் தெரிந்தால், எப்போதோ உள்ளே ஒரு குண்டு சிக்கி நிற்க, அடுத்த குண்டு அதன்மேல் மோதிக் குழல் வீங்கியிருக்கிறது என்று பொருள். அது எந்த விலைக்கும் வேண்டாம். இறுதியாக, குழலை மேல்நோக்கிப் பிடித்து, ஸ்லைடை ஒரு சென்டிமீட்டர் மட்டும் பின்னே இழுத்துக் கையோடு மெல்ல விடுங்கள். அது முழுவதுமாகத் தானே மூடிக்கொள்ள வேண்டும். கடைசி ஓரிரு மி.மீ. தயங்கினால் சுருள்வில் சோர்ந்திருக்கிறது. ஸ்லைடு பக்கவாட்டில் இலேசாக ஆடுவது குறையல்ல. எண்ணெய்க்கும் தூசிக்கும் அந்த இடைவெளி தேவை.

பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. வால்தர், பிரௌனிங், வெப்லி அண்ட் ஸ்காட் என்ற பெயர்களுக்குக் கொங்கு நாட்டு மிராசு வீடுகளில் இன்றும் ஒரு மரியாதை உண்டு. தாத்தா வைத்திருந்தது என்ற பாசமும் உண்டு. அவற்றில் பல உண்மையிலேயே அழகாகச் செய்யப்பட்டவை. ஆனால் வரத்து நின்றுபோனதால் அவற்றின் விலை இரும்பின் தரத்தால் ஏறவில்லை, தட்டுப்பாட்டால் ஏறியது. வால்தர் பிபி வகை முதலில் வெளிவந்தது 1929-இல்; பிரௌனிங் 1910 வகையின் வயதை அதன் பெயரே சொல்லும். கொக்கி உடைந்தால் மாற்றுக் கொக்கிக்கு எங்கே போவது? நடுத்தரப் பணம் வைத்திருப்பவர், உதிரிபாகமும் உத்தரவாதமும் உள்ள புதிய இந்தியப் பிஸ்டலை வாங்குவதே முறை என்பேன். அப்படியும் ஒருவரிடமிருந்து பழையதை வாங்குவதானால், விற்பவர் ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் முன்கூட்டித் தெரிவித்து, 45 நாள்கள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். அந்த நாள்களை அவசரப்படாமல் சோதித்துப் பார்க்கப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பணம் முழுவதையும் துப்பாக்கியின் விலைக்கே வைத்துவிடுவது மற்றொரு பிழை. வரி, சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டி, துடைக்கும் கம்பியும் எண்ணெயும், பயிற்சிக் கட்டணம், தோட்டா ஆகியவற்றுக்கும் ஒதுக்க வேண்டும். உரிமத்தில் எழுதப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் தோட்டா வாங்க இயலாது, விலையும் குறைவில்லை. ஆகவே சுடப் பழகுவதற்கு .32 பிஸ்டல் ஏற்ற கருவியல்ல. ரைபிள் கிளப்பில் சேர்ந்து 4.5 மி.மீ. காற்றுப் பிஸ்டலில் பழகுவதே சிக்கனம். 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட அந்த அளவுக்கு உரிமமும் தேவையில்லை. பத்து மீட்டர் தூரத்தில் 11.5 மி.மீ. குறுக்களவுள்ள நடுவட்டத்தைத் தேடித் தேடி விசையை அழுத்திப் பழகிய விரல், பிறகு எந்தப் பிஸ்டலையும் எடுத்த எடுப்பில் எடைபோட்டுவிடும். போட்டியில் நாட்டம் பிறந்தால் அடுத்த படி .22 அரைத் தானியங்கி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் வெள்ளி வென்றது அந்த வகைத் துப்பாக்கியில்தான்.

வாங்கியபின் கெடுப்பதற்கும் வழிகள் உண்டு. காங்கேயம் பக்கத்து நண்பர் ஒருவர், வீட்டிலேயே ஆட்டிய சுத்தமான தேங்காய் எண்ணெயைத் தம் பிஸ்டலுக்குப் பூசிவந்தார். மார்கழிக் காலையில் அது உறைந்து, ஊசியின் துளைக்குள் மெழுகாக நின்றுவிட்டது. கிளப்பில் அவர் விசையை அழுத்தினால் 'டிக்' என்ற ஓசை மட்டுமே வந்தது; தோட்டாவின் பின்புறத்தில் நகம் பதிந்த அளவுக்குக்கூடத் தடமில்லை. அப்படிச் சுடாமல் நின்றால், குழலைக் குறிப்பலகை நோக்கியே அரை நிமிடம் வைத்திருந்துவிட்டுப் பிறகுதான் தோட்டாவை எடுக்க வேண்டும். சமையல் எண்ணெய்கள் பிசினாகும். துப்பாக்கிக்கென்று விற்கும் கனிம எண்ணெயை ஒரு சொட்டு இட்டுத் துடைத்துவிட்டால் போதும். அதேபோல் தோல் உறை எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. ஈரோட்டில் தோல் பதனிடும் தொழிலை அறிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தோலில் தங்கும் உப்பும் ஈரமும் சில வாரங்களில் இரும்பில் துருவை எழுப்பிவிடும். தேர்தல் வரும்போதெல்லாம் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒருமுறை நான் உறையோடு கொடுத்துவிட்டு, மாதங்கள் கழித்துத் திரும்ப வாங்கியபோது, ஸ்லைடின் ஒரு பக்கம் உறையின் தையல் வரிசை அப்படியே துருவாக அச்சாகியிருந்தது. பிழை என்னுடையதுதான். இப்போது எண்ணெய் நனைத்த பருத்தித் துணியில் சுற்றி, துப்பாக்கியில் பொறித்த எண்ணைக் காட்டி ரசீது பெற்றுக்கொண்டு கொடுக்கிறேன்.

அந்த எண்ணைப் பற்றி இன்னொன்று: கடையை விட்டு இறங்கும் முன், பிஸ்டலின் உடலில் பொறித்திருக்கும் எண்ணையும், ஸ்லைடிலோ குழலிலோ எண் இருந்தால் அதையும், ரசீதிலும் உரிமப் புத்தகத்திலும் எழுதியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய துப்பாக்கியில் இவை ஒன்றுக்கொன்று வேறுபட்டால் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். ரசீதில் 3 என்பது 8 ஆகியிருந்தால், அதை அங்கேயே திருத்தி, கடை முத்திரையுடன் கையொப்பம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.